பாப்கார்ன் உருண்டை: மார்ஷ்மெல்லோவா, சர்க்கரைப் பாகா, கேரமலா?

பண்டிகைக்கோ பிறந்தநாள் விருந்துக்கோ பாப்கார்ன் உருண்டை செய்வது என்று முடிவெடுத்துவிட்டால், அடுத்து எல்லாரும் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: எதைக் கொண்டு உருண்டை பிடிப்பது? பஞ்சு மாதிரி மெத்தென்ற மிட்டாயான மார்ஷ்மெல்லோவை உருக்கி ஊற்றுவதுதான் சுலபம் என்கிறது ஒரு செய்முறை. பாகு காய்ச்சினால்தான் மொறுமொறுப்பு நிற்கும் என்கிறது இன்னொன்று. கேரமலின் ருசி வேறு எதிலும் வராது என்கிறது மூன்றாவது. மூன்றும் உண்மை என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ருசியை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உருண்டை பிடித்த பிறகு எத்தனை மணி நேரம் கழித்துச் சாப்பிடப் போகிறார்கள் என்பதை வைத்துத் தேர்ந்தெடுங்கள். இந்த ஒன்றைச் சரியாகக் கணக்குப் போட்டுவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

இடைவெளி. ஒரு பாப்கார்ன் விதைக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம் இருக்கும். ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் அந்த ஈரம் நீராவியாகி ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியேறுகிறது. மிஞ்சுவது காய்ந்த, காற்று நிரம்பிய நுரை. அது பக்கத்தில் எங்கே ஈரம் கிடைத்தாலும் இழுத்துக்கொள்ளும். காற்றில் இருந்தாலும் சரி, தன்மேல் ஒட்டியிருக்கும் இனிப்பில் இருந்தாலும் சரி. உருண்டை நமுத்துப்போவது வெளிக்காற்றால் மட்டும்தான் என்று பலர் நினைத்து, டப்பாவை இறுக மூடி வைத்துவிட்டு, மறுநாள் திறந்து பார்த்து ஏமாறுகிறார்கள். உள்ளே இருக்கும் மார்ஷ்மெல்லோவே பாப்கார்னுக்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். பாகைக் காய்ச்சும்போது நடப்பது இதற்கு நேர் எதிர்: சூடு ஏற ஏறப் பாகில் தங்கும் நீர் குறைகிறது, பாப்கார்னுக்குக் கொடுக்க அதனிடம் அதிகம் மிச்சமில்லை.

யார் செய்கிறார்கள். குழந்தைகளும் கைகொடுக்கப் போகிறார்களா, பெரியவர் ஒருவர் மட்டும் அடுப்படியில் நிற்கப் போகிறாரா என்பது ருசியைவிட முக்கியம்.

யார் சாப்பிடுகிறார்கள். சைவம், பால் ஒவ்வாமை, பல்லில் கம்பி போட்டவர்கள், சின்னக் குழந்தைகள். எந்த வகையாக இருந்தாலும் 4 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பாப்கார்ன் வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கும் ஆபத்து உண்டு.

எப்படி எடுத்துப் போகிறோம். வீட்டிலேயே தட்டில் வைப்பதா, காரில் இரண்டு மணி நேரம் போக வேண்டுமா, பையில் போட்டுப் பரிசாகக் கொடுப்பதா. அப்புறம், அன்றைக்கு வெயில் எப்படி, காற்றில் ஈரம் எப்படி.

செலவைத் தனி அளவுகோலாக நான் வைக்கவில்லை. பொருள்களின் விலையில் இருக்கும் வித்தியாசத்தைவிட, வீணாய்ப் போகும் ஒரு பாத்திரம் பாகின் நஷ்டம் பெரிது.

## மூன்றுக்கும் பொதுவான அடித்தளம்

அரை கப் விதை பொரித்தால் 14 முதல் 16 கப் பாப்கார்ன் வரும். (240 மில்லி அளவு கப்பைச் சொல்கிறேன்.) கீழே உள்ள எல்லா அளவுகளும் 14 கப்புக்கு; கை கொள்ளும் அளவில் 12 முதல் 14 உருண்டை பிடிக்கலாம்.

எதையும் சேர்க்காமல் பொரித்ததே நல்லது. உப்பும் வெண்ணெய் மணமும் ஏற்கெனவே ஏற்றிய மைக்ரோவேவ் பாக்கெட்டில் எண்ணெய் அதிகம், இனிப்பு சரியாக ஒட்டாது. பொரித்ததும் அகலமான தட்டில் கொட்டி லேசாகக் குலுக்கி, மேலே இருப்பதை மட்டும் கையால் அள்ளி இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். பொரியாத விதைகள் அடியில் தங்கிவிடும். இந்த இரண்டு நிமிட வேலையைத் தாண்டிப் போகாதீர்கள். இனிப்புக்குள் ஒளிந்திருக்கும் ஒரு விதை பல்லை உடைத்துவிடும்.

பாப்கார்னில் இரண்டு வடிவம் உண்டு. இறக்கை விரித்தாற்போல் பொரிவது ஒன்று, காளான் குடைபோல் உருண்டு பொரிவது இன்னொன்று. கடையில் சாதாரணமாகக் கிடைப்பது முதல் வகை. அதுவே போதும், ஆனால் கிளறும்போது நொறுங்கும். கெட்டியான கேரமலுக்கு மட்டும், கிடைத்தால், காளான் வகையைத் தேடுங்கள்.

## மார்ஷ்மெல்லோ

அளவு: 280 கிராம் மார்ஷ்மெல்லோ, 60 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு.

மூன்றில் இதுதான் கையை நடுங்க வைக்காத வழி. அடிகனமான பாத்திரத்தில் வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, மார்ஷ்மெல்லோவைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால் ஐந்து நிமிடத்தில் உருகிவிடும். மைக்ரோவேவ் என்றால் முதலில் 45 வினாடி, கிளறிவிட்டு அப்புறம் 20, 30 வினாடிகளாக. பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து மார்ஷ்மெல்லோ பலமடங்கு உப்பும்.

உருகும் நேரத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும். முக்கால்வாசி உருகி, அங்கங்கே வெள்ளைக் கட்டிகள் தெரியும்போதே அடுப்பை அணைத்துவிடுங்கள். பாத்திரத்தின் சூடே மிச்சத்தை உருக்கிவிடும். கரண்டியைத் தூக்கினால் பளபளப்பாக, அகலமான நாடாவாக இறங்க வேண்டும். அதற்குமேல் அடுப்பில் வைத்தால் நூல் நூலாக இழுபட ஆரம்பிக்கும். அந்த நிலையில் ஊற்றினால், ஆறியதும் உருண்டை கடிக்கவே முடியாத ரப்பராகிவிடும். "மார்ஷ்மெல்லோவில் செய்தால் கல் மாதிரி ஆகிறது" என்று குறைப்படுபவர்களுக்குப் பெரும்பாலும் நடந்தது இதுதான். குறை மார்ஷ்மெல்லோவில் இல்லை. திறந்து வைத்துக் காய்ந்துபோன பழைய பாக்கெட்டும் இதே தொல்லையைக் கொடுக்கும்.

பாப்கார்ன்மேல் ஊற்றி, அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, உள்ளங்கையில் மெல்லிசாக வெண்ணெய் தடவிக்கொண்டு உருண்டை பிடியுங்கள். அழுத்தம் வேண்டாம். ஒட்டிக்கொள்ளும் அளவு அணைத்துப் பிடித்தால் போதும். பாதியில் கலவை இறுகிவிட்டால் சில வினாடி மைக்ரோவேவில் வைத்து இளக்கிக்கொள்ளலாம். மற்ற இரண்டிலும் இந்தச் சலுகை இவ்வளவு எளிதாகக் கிடைக்காது. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள்கூடப் பெரியவர் பக்கத்தில் இருந்தால் உருட்டலாம். வெள்ளை நிறம் என்பதால் எந்தச் சாயமும் துல்லியமாக ஏறும். பண்டிகை நிறங்களில் வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மறைமுகச் செலவு. முதலாவது ஆயுள். செய்த அன்று நன்றாக இருக்கும், மறுநாள் பரவாயில்லை, மூன்றாம் நாள் சவசவ. இரண்டாவது ஜெலட்டின். வழக்கமான மார்ஷ்மெல்லோவில் இருப்பது பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து எடுத்தது. சைவர்களுக்கு அது ஆகாது. ஹலால் பார்ப்பவர்களும் பாக்கெட்டைப் படித்துத்தான் வாங்க வேண்டும். அகார் போன்ற கடற்பாசிப் பொருள்களால் செய்த சைவ மார்ஷ்மெல்லோ கிடைக்கிறது, ஆனால் அது உருகும் விதமே வேறு. ஜெலட்டின் நம் உடம்புச் சூட்டிலேயே இளகும். அகார் கூழ் இளக ஏறத்தாழ 85 டிகிரி வேண்டும். அதனால் சைவ வகை மெதுவாக உருகும், சிலது திட்டுத்திட்டாகவே நிற்கும். விருந்துக்கு முன் ஒரு கைப்பிடி எடுத்து உருக்கிப் பார்த்துவிடுங்கள். மூன்றாவது வெயில். இளகும் சூடு குறைவு என்பதால் சூடான காரில் உருண்டைகள் அடி தட்டையாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பாத்திரம் கழுவுவதைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். சுரண்ட வேண்டாம், சுடுதண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டால் எல்லாம் கரைந்துவிடும்.

எப்போது இதுவே சரி: அன்றைக்கே சாப்பிடும் விருந்து, குழந்தைகளோடு சேர்ந்து செய்வது, நிறம் நிறமாக வேண்டும் என்பது, முதல் தடவை செய்பவர்.

## காய்ச்சிய சர்க்கரைப் பாகு

அளவு: 300 கிராம் சர்க்கரை, அரை கப் கார்ன் சிரப் (மக்காச்சோளத்திலிருந்து செய்யும் இனிப்புப் பாகு), அரை கப் தண்ணீர், ஒரு டீஸ்பூன் வினிகர், அரை டீஸ்பூன் உப்பு, கடைசியில் 2 மேசைக்கரண்டி வெண்ணெய்.

மார்ஷ்மெல்லோ இல்லாமல் செய்யும் வழி இது. உருண்டை நாலைந்து நாள் மொறுமொறுவென்று நிற்க வேண்டும் என்றால் வேறு யோசனையே வேண்டாம், பாகுதான்.

பதம் 121 முதல் 130 டிகிரிக்குள், கெட்டி உருண்டைப் பதம். நான் 125-ல் இறக்குவேன். 118-ல் இறக்கினால் உருண்டை பிசுபிசுக்கும். 140-ஐத் தாண்டினால் கண்ணாடி மாதிரி உடையும், உருட்டுவதற்குள் இறுகியும் போகும். இனிப்புப் பதத்துக்கான தெர்மாமீட்டர் இருந்தால் நிம்மதி. அதன் முனை பாத்திரத்தின் அடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். விரலால் திரட்டினால் உருண்டையாகித் தன் வடிவத்தில் நிற்க வேண்டும், அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரு கணக்கு: தண்ணீர் கொதிக்கும் சூடே அங்கே குறைவு என்பதால், ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் ஏறத்தாழ 1 டிகிரி குறைத்துக்கொள்ள வேண்டும்.

கொதி வந்த பிறகு கிளறாதீர்கள். பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிய ஒரு சர்க்கரைத் துகள் உள்ளே விழுந்தாலே பாகு முழுவதும் பூத்து மணல் மணலாகிவிடும். ஆரம்பத்தில் இரண்டு நிமிடம் மூடி வைத்தால் ஆவியே ஓரத்தைக் கழுவிவிடும். வினிகரும் கார்ன் சிரப்பும் இருப்பதும் பாகு பூக்காமல் இருக்கத்தான். ருசிக்காக என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

மறைமுகச் செலவு. பெரியது ஆபத்து. கொதிக்கும் தண்ணீர் பட்டால் வழிந்து ஓடும். 125 டிகிரிப் பாகு பட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும். பட்டுவிட்டால் உடனே ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வைக்காதீர்கள். காய்ச்சும் நேரத்தில் குழந்தைகள் சமையலறைக்குள் வரக் கூடாது. இதில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. அடுத்தது அவசரம். கலந்த பிறகு கையால் தொடும் சூட்டுக்கு வந்ததும், இறுகிவிடுவதற்குள் உருட்டுவதற்குச் சில நிமிடங்கள்தான். இரண்டு பேர் இருந்தால் நல்லது. தனியாகச் செய்பவர்கள் பாத்திரத்தை 100 டிகிரிக்குக் குறைவான ஓவனில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உருட்டலாம். அப்புறம் ருசி. வெறும் இனிப்புதான், உப்பும் ஏதாவது எசென்ஸும் இல்லாவிட்டால் தட்டையாக இருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு எச்சரிக்கை: பாகு பூசிய மேல்தோல் காற்றின் ஈரத்தை இழுத்து ஒட்ட ஆரம்பிக்கும். ஆறிய உடனேயே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றிவிட வேண்டும். சூடாக இருக்கும்போதே சுற்றினால் உள்ளே வியர்க்கும்.

எப்போது இதுவே சரி: மூன்று நாள் முன்னதாகச் செய்து வைப்பது, பையில் போட்டுப் பரிசு கொடுப்பது, நீண்ட பயணம், சைவ விருந்து. வெண்ணெய்க்குப் பதில் மணமில்லாத எண்ணெய் விட்டால் பால் ஒவ்வாமை உள்ளவர்களும் சாப்பிடலாம்.

## மென் கேரமல்

அளவு: 300 கிராம் பழுப்புச் சர்க்கரை, 80 கிராம் வெண்ணெய், மூன்றில் ஒரு கப் கார்ன் சிரப், 280 கிராம் கண்டென்ஸ்டு மில்க், அரை டீஸ்பூன் உப்பு.

ருசி மட்டும்தான் போட்டி என்றால் இதுவே ஜெயிக்கும். சர்க்கரையும் பாலும் சேர்ந்து பழுப்பாகும்போது வரும் ஆழம் மற்ற இரண்டிலும் கிடையாது. 114, 115 டிகிரியில், மென் உருண்டைப் பதத்தில் இறக்குகிறோம். அதனால் ஆறினாலும் இளக்கமாக, கடிக்க மெத்தென்று இருக்கும்.

சிக்கல் பாலில் இருக்கிறது. கண்டென்ஸ்டு மில்க் சேர்ந்த கலவை அடிப்பிடிக்க ஒரு நிமிடம் போதும். பாகைக் கிளறக் கூடாது என்றால் இதைக் கிளறாமல் இருக்கவே கூடாது. நடுத்தரத் தீ, தட்டையான மரக்கரண்டி, பாத்திரத்தின் அடி முழுவதையும் தடவிக்கொண்டே பதினைந்து இருபது நிமிடம். போன் அடித்தால் எடுக்கக் கூடாது.

மறைமுகச் செலவு. அந்த நிற்கும் நேரம்; அதிக வெண்ணெய்; கனம். கேரமல் கூடினால் இறக்கை வகைப் பாப்கார்ன் அமுங்கி உருண்டை அடர்த்தியாகிவிடும். பழுப்பு நிறத்தின்மேல் வேறு சாயம் ஏறாது. பல்லில் கம்பி போட்டவர்களுக்கு இது எதிரி. இளக்கமான பதம் என்பதால் இதிலும் ஈரம் மிச்சம் இருக்கிறது, இரண்டாம் நாளுக்குமேல் மொறுமொறுப்பை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ஒரு நியாயம்: கேரமல் உருண்டை நமுத்தாலும் மிட்டாயாகச் சாப்பிட முடியும். நமுத்த மார்ஷ்மெல்லோ உருண்டையை யாரும் இரண்டாவது முறை எடுப்பதில்லை.

எப்போது இதுவே சரி: பெரியவர்கள் மட்டும் கூடும் சிறிய விருந்து, எண்ணிக்கை குறைவு, ருசி முக்கியம் என்னும் நாள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | மார்ஷ்மெல்லோ | சர்க்கரைப் பாகு | மென் கேரமல் |
|---|---|---|---|
| அடுப்பில் நேரம் | 5 நிமிடம் | 15 நிமிடம் அளவில் | 15 முதல் 20 நிமிடம் |
| இறக்கும் பதம் | உருகினால் போதும் | 125 டிகிரி | 114, 115 டிகிரி |
| உருட்டக் கிடைக்கும் அவகாசம் | தாராளம், திரும்ப இளக்கலாம் | சில நிமிடங்கள் | நடுத்தரம் |
| மொறுமொறுப்பு | அன்றைக்கு | நாலைந்து நாள் | இரண்டு நாள் |
| குழந்தைகள் உதவலாமா | உருட்டலாம் | காய்ச்சும்போது கூடாது | காய்ச்சும்போது கூடாது |
| சைவம் | தனி வகை தேட வேண்டும் | ஆம் | ஆம், ஆனால் பால் உண்டு |
| வெயில், பயணம் | தாங்காது | தாங்கும் | ஓரளவு |
| நிறம் ஏற்றுவது | மிக நன்றாக | நன்றாக | ஏறாது |

## இரண்டுங்கெட்டான் நிலைமைகள்

விருந்து நாளை மறுநாள், ஆனால் மார்ஷ்மெல்லோதான் வேண்டும். உருண்டைகளைத் தனித்தனியாக இறுகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு, அறைச் சூட்டுக்கு வரும்வரை சுற்றிய தாளைப் பிரிக்க வேண்டாம். பிரித்தால் காற்றின் ஈரம் உருண்டைமேல் துளித்துளியாகப் படியும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு எந்த வகைக்கும் வேண்டாம்.

ஐம்பது பேருக்குச் செய்ய வேண்டும். நாலு மடங்கு பாகை ஒரே பாத்திரத்தில் காய்ச்சாதீர்கள். பாதி உருட்டுவதற்குள் மீதி இறுகிவிடும். தனித்தனி ஈடாகச் செய்யுங்கள், அல்லது உருட்டுவதையே விட்டுவிட்டு மார்ஷ்மெல்லோ கலவையை வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, ஆறியதும் சதுரமாக வெட்டுங்கள். உருண்டையின் அழகு போகும், ஆனால் ஒரு மணி நேர வேலை பத்து நிமிடத்தில் முடியும்.

சாக்லேட் துண்டு, கொட்டை சேர்க்க ஆசை. மார்ஷ்மெல்லோவில் எளிது. கலவை வெதுவெதுப்புக்கு வந்தபின் சேர்த்தால் சாக்லேட் உருகாது. பாகில் அந்த அளவு ஆறவிட நேரமில்லை, அதனால் கொட்டைகளை முன்பே பாப்கார்னோடு கலந்துவிட வேண்டும். கடலை, கொட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் வருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பாதி விருந்தினர் சைவம், பிள்ளைகளுக்கு மார்ஷ்மெல்லோ. இரண்டும் செய்துவிடுங்கள், வரிசை மட்டும் முக்கியம். பாகு உருண்டை முதல் நாளே செய்தாலும் கெடாது, மார்ஷ்மெல்லோவை விருந்தன்று காலையில் உருட்டலாம். ஒரே நாளில் செய்வதானாலும் சைவ உருண்டைகளை முதலில் பிடித்துச் சுற்றி, பெயர் எழுதி எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் மார்ஷ்மெல்லோ பாக்கெட்டைப் பிரியுங்கள். அதே கரண்டி, அதே வெண்ணெய்க் கிண்ணம் இரண்டுக்கும் போகாது.